ஒரு சுழி குறைவு

ஏப்ரல் 6

ஆண்டவன் துணை

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. நான் நலம். முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் கொழுந்தனாரும் நலமாக இருக்க இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். போனில் கூப்பிடாதே. இடது காது அடைத்துப்போனதிலிருந்து உன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. அன்பாகச் சொல்கிறாயா, குத்திச் சொல்கிறாயா என்று பிடிபடவில்லை. கடிதத்தில் அது தெரிந்துவிடும்.

நினைவு நாள் குழுவிலிருந்து தகவல் வந்தது. இந்த வருஷம் பாலத்தடி நினைவுக் கல்லுக்கு முன்னால் கூட்டம் இல்லையாம். உங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் போர்க் காட்சியகத்தில் நடத்துகிறார்களாம். முன்வரிசை, உயிரோடு திரும்பி வந்தவர்களுக்கு. எனக்கு மூன்றாவது வரிசை. இத்தனை வருஷமாக நடு நாற்காலி என்னுடையது. 'பணியாதவரின் துணைவி' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். நான் அதற்கெல்லாம் ஏங்குகிறவள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் பிடரிதான் தெரியும்.

கொழுந்தனாரின் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். சைக்கிள் கடை வாசலில் நிற்கிறார். 'பதுங்குகுழிக்குள் இருந்த அத்தனை உயிரையும் காத்த வெள்ளைத் துணி' என்று தலைப்பு. பாலத்தை விடாமல் தனியே நின்று உயிர்விட்டவர் என் வீட்டுக்காரர். துணியைக் காட்டி எல்லாரோடும் கைதியாகப் போனவர் உன் வீட்டுக்காரர். அண்ணனும் தம்பியும் ஒரே குழியில்தான் இருந்தார்கள். பேப்பரில் அண்ணனுக்கு ஒரு வரி. தேடிப் பார்த்துக் கண்டுபிடித்தேன்.

வீட்டுக் கணக்கு எழுதியதில் மிஞ்சிய தாள் இது. மறுபக்கம் எண்ணெய், பருப்பு இருந்தால் படிக்காதே.

ஆசிகளுடன்,
அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மூன்றாவது வரிசைக்குக் காற்று நன்றாக வருமாம். முன்வரிசையில் விளக்கு கண்ணைக் கூசுகிறது என்று இவரே சொல்கிறார்.

காட்சியகத்திலிருந்து ஒரு பெண் கேமராவோடு வந்தாள். "ஐயா, அந்தத் துணியைத் தூக்கினப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டாள். இவர் யோசித்துவிட்டு, "கை வலிச்சுது" என்றார். அவ்வளவுதான். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். இவருக்குப் பேச வராது. நான்தான் பக்கத்தில் இருந்து எடுத்துக்கொடுத்தேன். பெட்டியிலிருந்த துணியையும் கொடுத்தோம். அதற்கென்று தனி அறை ஒதுக்கி, கண்ணாடிக்குள் விரித்து, மேலே விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

நேற்று காய்கறிக்காரர், "அம்மா, நீங்க முன்னால வாங்க" என்று எனக்கு வழிவிடச் சொன்னார். அதே தெருதான் அக்கா. எங்கள் கடை ஷட்டரில் வெள்ளைக் கந்தலைக் கட்டிவிட்டு ஓடுவார்களே, அந்தத் தெரு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
தங்கச்சி


மே 12

ஆண்டவன் துணை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் அடங்கியது, மனசு அடங்கவில்லை.

பேப்பரில் இன்னொரு படம் வந்திருக்கிறது. இப்போது நீ. 'வீரருக்குத் துணி தைத்துக் கொடுத்த கை' என்று போட்டு, துணியின் மூலையில் 'ஆண்டவன் துணை' என்று நூலால் எழுதியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். வாசித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அது என் வார்த்தையல்லவா? அவர் போருக்குக் கிளம்பியபோது பிரார்த்தனைப் புத்தகத்தைச் சுற்றிக்கொள்ள வெள்ளைத் துணி வெட்டி, ஓரம் மடித்து, பச்சை நூலில் அதைத்தானே தைத்தேன்? கடைக்காரன் பொட்டலம் மடித்த தாள்களில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டவள் நான். மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி போட்டு 'துனை' என்று தைத்துவிட்டேன். நீ பார்த்துவிட்டுக் கூடமே அதிரச் சிரித்தாய். எட்டாவது படித்தவள் அல்லவா! நான் பிரிக்கப் போனேன். அவர் பிடுங்கிக்கொண்டார். "விடு, ஒரு சுழி கொறஞ்சா ஆண்டவன் கோவிச்சுக்க மாட்டார்" என்றார். துணி அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது.

அப்போது சிரித்தவள், நான் அடுப்படிக்குப் போனதும் அதே போல ஒன்று தைத்து உன் வீட்டுக்காரருக்குக் கொடுத்திருக்கிறாய். இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டுக்கு வாழவந்த ஓரகத்திகள், ஒரு துணியைப் பார்த்து ஒரு துணி தைத்தால் தப்பா? தப்பில்லை. கேட்டிருந்தால் நூல்கூடக் கொடுத்திருப்பேன்.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. தினமும் யாராவது வருகிறார்கள், நாற்காலி எடுத்துப் போட்டே இடுப்பு விட்டுப்போகிறது.

துணி விஷயமாகக் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதே வார்த்தையைத்தானே தைத்தார்கள். அதைப் போய்ப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே மழை. அங்கே எப்படி?

தங்கச்சி


ஜூலை 19

ஆண்டவன் துணை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன்.

எதிர்வீட்டு டீச்சர் புதுப் பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்தாள். பழைய புத்தகத்தில் அவரைப் பற்றி ஒரு முழுப் பாடம் இருந்தது, படத்தோடு. இப்போது கொழுந்தனாரின் பாடம். நடுவில் ஓர் இடத்தில், 'பணிய மறுத்த சிலரின் பிடிவாதம் மற்றவர்களையும் பலிவாங்கியிருக்கும்' என்று வருகிறது. பெயர் போடவில்லை. பாலத்தில் பணியாதவர் என்று கல்லில் இருப்பது ஒரே ஒருவர்தானே? டீச்சர் புத்தகத்தைச் சட்டென்று மூடி, "வேற யாரையோ சொல்றாங்கக்கா" என்றாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

பாதையை அகலப்படுத்தக் கல்லையும் எடுக்கப்போகிறார்களாம். வைத்தவர்களும் இவர்கள்தான், எடுப்பவர்களும் இவர்கள்தான். எடுக்கட்டும். ஆனால் பிடிவாதக்காரர், கூட இருந்தவர்களைச் சாகடிக்கப் பார்த்தவர் என்று எழுதினால் நான் எப்படித் தாங்குவேன்? அவருக்கென்று என்னிடம் வேறு எதுவும் இல்லை. குழந்தை இல்லை, எலும்புகூட இல்லை. அந்த நல்ல பெயர் ஒன்றுதான்.

கொழுந்தனார் சொன்னால் இப்போது நாடே கேட்கிறது. 'என் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல். உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை இவரிடம் காட்டவில்லை. காட்டினால் உடனே கிளம்பிவிடுவார்.

நீங்கள் கேட்டதில்லை என்கிறீர்கள். உங்களுக்குக் கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை அக்கா. நீங்கள் தெருவில் வந்தால் எழுந்து நின்றார்கள். என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று உங்களிடம் ஒருநாளாவது சொன்னேனா? "வெள்ளைத்துணி வந்தாச்சு, எல்லாரும் கையைத் தூக்குங்கடா." பெரியவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு நினைவு நாளிலும் நீங்கள் நடு நாற்காலியில் இருப்பீர்கள். நான் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நின்றிருப்பேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமும் உங்கள் பிடரியைத்தானே நான் பார்த்தேன்?

பிறகு ஒரு காலம் வந்தது. போரைப் பற்றி யாருமே பேசவில்லை. விடுமுறையைக்கூட எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு அது கஷ்டமாக இருந்திருக்கும். நான் நிம்மதியாகக் கடைத்தெருவுக்குப் போனது அந்த வருஷங்களில்தான்.

இப்போதுதான் என்னைப் பார்த்து ஒருத்தர் சிரிக்கிறார். அதுவும் பொறுக்கவில்லையா?

தங்கச்சி


செப்டம்பர் 15

ஆண்டவன் துணை

தங்கச்சிக்கு,

எதிர்வீட்டு டீச்சர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் காட்சியகத்துக்குப் போய்வந்தாள். வந்ததும் வராததுமாக, "அக்கா, ஒரு வேடிக்கை. பேப்பர்காரன் திருத்திப் போட்டிருக்கான். கண்ணாடிக்குள்ள 'துனை'ன்னுதான் இருக்கு. ரெண்டு சுழி. பச்சை நூல்" என்றாள்.

நீ எட்டாவது படித்தவள். கூடம் அதிரச் சிரித்தவள்.

அது யார் தைத்த துணி?

அக்கா


அக்டோபர் 24

அண்ணிக்குச் சின்னவன் எழுதுறது. எனக்கு எழுத வராது. கடையில உக்காந்து எழுதுறேன். உங்க ரெண்டு கடுதாசியும் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. நேத்துதான் பாத்தேன்.

துணி உங்களோடது. தூக்கினது அண்ணன்.

குண்டு தீந்துபோச்சு. உள்ள இருந்ததுல பாதி மீச முளைக்காத பசங்க. அண்ணன் புத்தகத்த என் கையில கொடுத்துட்டுத் துணிய மட்டும் பிரிச்சுக் கம்புல கட்டினார். "உங்க அண்ணி பாத்தா திட்டுவா, துணி கசங்கிடும்னு"ன்னு சொன்னார். சிரிச்சார். வெளிய போனார். எதிர்ல இருந்தவங்க சுடல. பின்னாடி மேட்டுல இருந்த நம்ம அதிகாரி சுட்டார். அண்ணன் விழுந்ததும் நான் கம்ப எடுத்து மறுபடி தூக்கினேன். அதனால நான் தூக்கினேன்னு சொல்றது முழுப் பொய்யும் இல்ல.

கைதியா இருந்து திரும்பி வந்தப்ப இங்க கல்லு நட்டாச்சு. தான் சுட்டத மறைக்க அந்த அதிகாரி சொன்னபடி பணியாதவர்னு எழுதியாச்சு. நீங்க எதிர்ல உக்காந்து அதையே பாத்துட்டிருந்தீங்க. யார் தூக்கினதுன்னு விசாரணையில கேட்டாங்க. அண்ணன்னு சொன்னா கல்லப் பேத்துடுவாங்க, உங்களத் துரோகியோட பொண்டாட்டிம்பாங்க. நான்தான்னு சொல்லிட்டேன். கூட இருந்தவங்களும் பயத்துல வாயத் தொறக்கல. அப்ப அது காறித் துப்பு வாங்குற வேலை. இப்ப மெடல் குத்துறாங்க. சட்டைக்கு மேலதான் குத்துறாங்க, உள்ள குத்துது.

அவளுக்கு மொதல்லயே தெரியும். இப்பவாவது சொல்லிடலாம்னு அவகிட்ட கேட்டேன். "ஒரே ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் நான் தல நிமிந்து நடந்துக்கறேன்"ன்னா. அவளத் திட்டாதீங்க அண்ணி.

சின்னவன்


நவம்பர் 5

ஆண்டவன் துணை

தங்கச்சிக்கு,

கொழுந்தனாரின் கடிதம் கிடைத்தது. அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். தாள் நனைந்துபோகிறது. அதனால் உனக்கு எழுதுகிறேன். உனக்கு எழுதும்போது கோபம் வருகிறது, எழுத்து நேராக நிற்கிறது.

கூட்டத்துக்கு நான் வரவில்லை. துணியைப் பற்றி உன்னை மேடையில் பேசச் சொல்லியிருக்கிறார்களாமே. பேசு. நீ தைத்ததாகவே சொல். நான் வாயைத் திறக்க மாட்டேன், ஆண்டவன்மேல் ஆணை. இத்தனை வருஷம் எனக்காக நீ வாயை மூடிக்கொண்டிருந்தாய். என் பங்குக்கு நானும் மூடிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று. துணியை எடுத்துக்கொள்கிறவள் அதிலிருக்கும் தப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். யாராவது 'ரெண்டு சுழி போட்டது யாரு?' என்று கேட்டால் 'நான்தான்' என்று சொல். அவர்கள் சிரிப்பார்கள். நீ அன்றைக்குச் சிரித்தாயே, அதே மாதிரி. வாங்கிக்கொள்.

அக்கா


நவம்பர் 27

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. காட்சியகத்தின் பொறுப்பாளர் அம்மா என்னை மேடையேற்றிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். துணியைக் கண்ணாடிப் பெட்டியோடு மேடைக்கே கொண்டுவந்திருந்தார்கள். பின்னால் திரையில் துணியின் மூலையைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு சுழியும் தோசைக்கல் அகலம். நான் மனப்பாடம் செய்துவைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா மைக்கில், "பாருங்க இந்த எழுத்துப் பிழையை! எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாமரப் பெண்ணோட கை! இந்தப் பிழையிலதான் நம்ம நாட்டோட தாய்மையே இருக்கு!" என்றார்.

கைதட்டினார்கள் அக்கா. கடைசி வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"யாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது?" என்றேன்.

"அட, கோவிச்சுக்காதீங்கம்மா. அது எவ்வளவு அழகு..."

"எட்டாவது வரைக்கும் டிக்டேஷன்ல நான் ஒரு தப்பு விட்டதில்ல. என்னைப் பாத்து..."

"இது நீங்க தச்சதுதானேம்மா?"

"நானா? நான் தச்சிருந்தா மூணு சுழி போட்டிருப்பேன்! இது எங்க அக்கா தச்சது! எங்க குடும்பத்துல இந்தத் தப்பு அவங்க ஒருத்தருக்குத்தான் வரும்!"

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. அந்த அம்மா மெதுவாக, "உங்க அக்காவோட துணி இவர் கைக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். முன்வரிசையிலிருந்து இவர் எழுந்துவந்தார். "அண்ணி துணி. அண்ணன் தூக்கினது. நம்ம ஆளு சுட்டான்" என்றார். மெடலைக் கழற்றிக் கண்ணாடிமேல் வைத்துவிட்டு இறங்கிப்போனார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் எழுந்து, "ஆதாரம் இருக்கா?" என்று கத்தினார். இன்னொருவர் அவரை உட்காரச் சொன்னார். ஒரு கிழவர் மட்டும் எழுந்து நின்றபடியே அழுதார். அவரும் அந்தக் குழியில் இருந்தவராம். இப்போது துணிக்குக் கீழே இருந்த அட்டையை எடுத்துவிட்டு 'ஆய்வில் உள்ளது' என்று வைத்திருக்கிறார்கள். காய்கறிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார்.

திருப்திதானே உங்களுக்கு? நான் விட்டுக்கொடுத்ததாக நினைக்காதீர்கள். வாய் தவறிவிட்டது. நீங்கள் போட்ட நிபந்தனை அப்படி. துணியை என்னால் எடுத்துக்கொள்ள முடிந்தது. தப்பை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாற்காலியும் உங்களுக்குத்தான், துணியும் உங்களுக்குத்தான். எனக்கு என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

தங்கச்சி


டிசம்பர் 10

ஆண்டவன் துனை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இரு.

டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு பாலத்தடிக்குப் போய்வந்தேன். கல்லைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். 'பணியாதவர்' என்ற எழுத்தை எதிரே நின்று பார்த்தேன். இதை எழுதியவன் அவரோடு ஒருநாள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்திருந்தால் எழுதியிருப்பானா? சந்தில் எதிரே நாய் வந்தால்கூட ஒதுங்கி நின்று, "நீ போ ராசா" என்கிற மனுஷன். நான் குரலை உயர்த்தினால் தோசையே கருகியிருந்தாலும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிற மனுஷன். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஊரே கல்லில் எழுதி நாற்காலியும் போட்டுக் கொடுத்ததும், கல்லில் இருப்பவரை நம்பிக்கொண்டேன். என்னோடு குடித்தனம் நடத்தியவரை விட்டுவிட்டேன். வாராவாரம் துடைத்தது யாருடைய கல்லையோ.

பாடப்புத்தகத்தை மறுபடி மாற்றுவார்களாம். மாற்றட்டும். உன் பேரப்பிள்ளைகள் காலத்தில் இன்னொரு தடவை மாற்றுவார்கள். அதற்குள் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும். வருகிற வருஷம் எந்த வரிசையில் போட்டாலும் நானும் வருகிறேன். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் நீ நின்றது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தால் நீ கூப்பிட்டுவிடுவாயோ என்றுதான் திரும்பவில்லை.

உன்மேல் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் ஆண்டவனுக்கு அடுக்காது. உன் படம் பேப்பரில் வந்ததற்குப் பட்டேன், அது தீர்ந்தது. இப்போது படுவது வேறு. உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாயே. அவர் கடைசியாகச் சொன்னது, சிரித்தது, எல்லாம் உன் வீட்டுக்காரர் காதில் இருக்கிறது. நீ தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போடுகிறாய். எனக்கு வந்தது தாளில் எழுதின எழுத்து மட்டும்.

கொழுந்தனாரை ஒருமுறை இங்கே அனுப்பு. நீயும் கூட வா. 'உங்க அண்ணி பாத்தா திட்டுவா' என்றாராமே, அதை அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டச் சொல். வலது காது எனக்கு நன்றாகக் கேட்கும்.

அக்கா

மேலே ஒரு சுழி குறையும். திருத்தாதே.